கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் அலை



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்களைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றிருந்தோம். பிள்ளைகள் மணலில் ஓடி ஆடிக் களைத்தபின் பஸ்ஸில் ஏறினார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் மடியில் எதையோ அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். பார்த்தால் ஒரு கண்ணாடிச் சாடி. அதில் கடல்நீரை மொண்டு, பாறை இடுக்கில் அகப்பட்ட சிறு நண்டு ஒன்றையும் இரண்டு குட்டி மீன்களையும் விட்டு, மூடியை இறுக்கி மூடியிருந்தான். பள்ளியின் அறிவியல் மூலையில் வைப்பதற்காம்.

மறுநாள் காலையில் மூன்றும் செத்துக் கிடந்தன. தண்ணீரில் நாற்றம் எழுந்துவிட்டது. பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "ஐயா, அதுங்க இருந்த இடத்துத் தண்ணியைத்தானே கொண்டு வந்தேன்? அப்புறம் ஏன் செத்துப் போச்சு?"

"காற்று போதவில்லை, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதி விடைதான். மீதி விடையைத் தேடிப் படித்தபோது, மனிதன் இதற்கு முழு விடை காண ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின என்று அறிந்தேன். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். கடலை எப்படிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டு வந்தார்கள், அந்தப் பெட்டிக்குள் எப்படி அலையை உண்டாக்கினார்கள் என்பதே கதை.

கதை லண்டனில் தொடங்குகிறது. நத்தானியேல் வார்டு என்பவர் அங்கு ஏழை மக்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில் மருத்துவராக இருந்தார். செடி கொடிகள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் நகரத்துக் கரிப்புகையில் எந்தச் செடியும் தழைக்கவில்லை. 1829-ஆம் ஆண்டு அவர் ஒரு கூட்டுப்புழுவிலிருந்து அந்துப்பூச்சி வெளிவருவதைக் காண விரும்பி, அந்தக் கூட்டை ஈரமண்ணோடு ஒரு புட்டியில் இட்டு மூடி வைத்தார். பூச்சியை விட வேறொன்று அவரை வியக்க வைத்தது. மூடிய புட்டிக்குள் பெரணிச் செடி ஒன்றும் புல்லும் முளைத்துப் பசுமையாக வளர்ந்தன. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி மேலே போனது. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் மண்ணிலே சொட்டியது. வெளியிலிருந்து ஒரு சொட்டு நீர் தேவைப்படவில்லை. இதைக் கொண்டு வார்டு கண்ணாடிப் பெட்டிகளைச் செய்தார். அவற்றுக்கு 'வார்டு பெட்டி' என்றே பெயர் நிலைத்தது.

நேயர்களே, இந்தப் பெட்டிக்கும் நமக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1876-ஆம் ஆண்டு பிரேசில் காடுகளிலிருந்து ஹென்றி விக்கம் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகேயுள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி வார்டு பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் இலங்கைக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. உப்புக் காற்றும் வெயிலும் படாமல் கடல் தாண்ட அந்தக் கண்ணாடிப் பெட்டி இல்லாதிருந்தால், கித்தா மரம் இந்த மண்ணுக்கு அவ்வளவு எளிதில் வந்திராது. நம் பாட்டன் பூட்டன் பால் வெட்டிய மரங்களின் முன்னோர் அந்தப் பெட்டிப் பயணத்திலேதான் பிழைத்து வந்தன.

மூடிய பெட்டியில் செடி வாழும் என்றால் மீன் வாழாதா? கடல் வாழாதா? இந்த எண்ணம் சிலருக்குத் தோன்றியது. ஆனால் வார்டு பெட்டி பரவலாவதற்கு முன்பே இத்தாலியில் ஒரு பெண்மணி இதில் இறங்கிவிட்டார். அவர் பெயர் ழான் வில்பிரோ பவர். பிரான்சு நாட்டுக்காரர். பாரிசில் தையல் வேலை செய்து, அரச குடும்பத்துத் திருமண ஆடைக்குப் பூவேலை செய்யும் அளவுக்குக் கைத்திறன் பெற்றவர். திருமணத்திற்குப் பின் கணவருடன் சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறினார். 'ஆர்கோனாட்' என்னும் சிறு கணவாய் இனம் ஒன்று ஓட்டுடன் வாழ்கிறது. அந்த ஓட்டை அதுவே செய்கிறதா, வேறொரு பிராணியிடமிருந்து பறித்துக்கொள்கிறதா என்று அறிஞர்கள் வாதிட்டுக் கொண்டிருந்தார்கள். 1832-ஆம் ஆண்டு முதல் அவர் கண்ணாடித் தொட்டிகளையும் கடலில் இறக்கும் கூண்டுகளையும் அமைத்து, அந்த உயிரை நாள்தோறும் கவனித்தார். ஓட்டை அது தானே செய்கிறது என்று காட்டினார். பல்கலைக்கழகம் போகாத ஒரு தையற்காரப் பெண் பெரும் அறிஞர்களின் வழக்கைத் தீர்த்து வைத்தார்.

மெசினாவில் கடல் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் கெட்டால் புதிதாக மொண்டு வரலாம். கடலிலிருந்து தொலைவில் உள்ளவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு 1846-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விடை கிடைத்தது. அன்னா தின் என்னும் சீமாட்டி டார்க்கி என்ற கடற்கரை ஊரில் பவள உயிர்கள் சிலவற்றைக் கண்டார். அவற்றைக் கடல்நீரோடு லண்டனுக்குக் கொண்டு வந்துவிட்டார். ஆனால் லண்டனில் நாள்தோறும் புதுக் கடல்நீருக்கு எங்கே போவது?

அவர் ஒரு வழி கண்டார். திறந்த சன்னல் ஓரத்தில் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்ற வேண்டும். பிறகு இதிலிருந்து அதற்கு; மீண்டும் அதிலிருந்து இதற்கு. நம் வீட்டில் தேநீரை ஆற்றுகிறோமே, அதைப்போல. நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இப்படி ஆற்ற வேண்டும். சீமாட்டியே ஆற்றினாரா? இல்லை. அந்த வேலை வீட்டுப் பணிப்பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பெண் கை வலிக்க ஆற்றினாள். பவளங்கள் ஆண்டுக் கணக்கில் உயிரோடிருந்தன. அன்னா தின்னின் பெயர் நூல்களில் நிற்கிறது. தண்ணீரை ஆற்றிய பெண்ணை 'வேலைக்காரி' என்ற ஒரே சொல்லால்தான் அந்த வரலாறு குறிக்கிறது. வீட்டுக்குள் வைத்த கடலுக்கு அலை தந்த முதல் கருவி எது என்று என்னைக் கேட்டால், அவளுடைய கைகளையே சொல்வேன்.

இதில் அறிவியல் என்ன என்று பார்ப்போம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது ஏறக்குறைய 6 மில்லிகிராம் மட்டுமே. நீர் சூடானால் அளவு குறையும். உப்புச் சேர்ந்தால் இன்னும் குறையும். இந்தச் சிறு கையிருப்பை மீன் சுவாசித்துத் தீர்த்தால், மேற்பரப்பின் வழியாகத்தான் புதிதாகக் காற்று கரைய வேண்டும். நீர் அசையாமல் நின்றால் மேலே கரைந்தது அடிக்கு வந்து சேராது. நீர் புரண்டால்தான் அடிநீர் மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு போகும். எங்கள் மாணவனுடைய சாடியில் மூடியும் இறுக்கம், தண்ணீரிலும் அசைவில்லை. இரட்டைக் கேடு அது.

1850-ஆம் ஆண்டு ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் மற்றொரு உண்மையை எழுதினார். மீனோடு நீர்ச்செடியையும் நத்தையையும் சேர்த்து வைத்தால் ஒன்றுக்கொன்று துணையாகின்றன என்றார். செடி பிராணவாயு தருகிறது, நத்தை அழுகலைத் தின்கிறது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. பிலிப் காஸ் என்ற இயற்கையறிஞர் 1854-இல் வெளியிட்ட நூலால் மீன்தொட்டி மோகம் இங்கிலாந்து முழுவதும் பரவியது. வசதியுள்ள வீடுகளிலெல்லாம் தொட்டி வந்தது. மக்கள் கூடை கூடையாகக் கடற்கரைப் பாறைகளிலிருந்து உயிர்களை அள்ளிச் சென்றார்கள். பெரும்பாலானவை சில நாள்களில் செத்தன. பாறைக் குட்டைகள் வெறிச்சோடிப் போனதைப் பற்றிக் காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியான தம் நூலில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். தெரியாமல் செய்த ஆசை எவ்வளவு அழிவைக் கொண்டுவரும் என்பதற்கு இது ஒரு பாடம்.

தொட்டியை நடத்தத் தெரிந்தவர் வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட். 1871-இல் லண்டன் கிறிஸ்டல் பேலசில் திறந்த பெரிய கடல்நீர்க் காட்சியகத்தை அமைத்தவர் இவரே. காட்சித் தொட்டிகளை விடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தொட்டி ஒன்றை நிலத்தடியில் கட்டினார். நீராவி இயந்திரத்தால் நீரை இரவு பகலாக மேலே ஏற்றி, மீண்டும் கீழே ஓட விட்டார். பணிப்பெண்ணின் கை செய்த வேலையை நீராவி செய்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆண்டன் டோர்ன் நிறுவிய கடல் ஆய்வு நிலையத்தின் காட்சியகம் 1874-இல் திறக்கப்பட்டது. அதன் நீரோட்ட ஏற்பாட்டிலும் லாயிடின் அறிவுரை பயன்பட்டது.

மீன்களை வைத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். வெப்பக் கடலின் பவளப் பாறை மட்டும் நூறாண்டுக்கு மேல் போக்குக் காட்டியது. நம் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளைச் சுற்றி இருக்கிறதே, அந்த வகைப் பவளம். தொட்டியில் வைத்தால் சில வாரங்களில் வெளுத்துச் செத்துவிடும்.

ஏன்? பவளம் பார்வைக்குக் கல்லாகவும் செடியாகவும் தெரிந்தாலும் அது ஓர் உயிரினக் கூட்டம். நடந்து போய் இரை தேட அதற்குக் கால் இல்லை. நீர்தான் அதற்கு இரையைக் கொண்டுவர வேண்டும். அதன் கழிவையும் கழுவிச் செல்ல வேண்டும். அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைத்துத் தருகிறது. நீர் நின்றுவிட்டால், பவளத்தின் மேல் மெல்லிய ஏடு போல ஓர் அசையாத நீர்ப்படலம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே வருவதும் வெளியே போவதும் தடைப்படும். அலை வந்து அந்த ஏட்டைக் கலைக்க வேண்டும்.

இந்தப் புதிரில் நம் பக்கத்து நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961-ஆம் ஆண்டு அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் தம் முறையை விளக்கினார். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய பாறைத் துண்டுகளைக் கொண்டு வந்தார். நல்ல வெயில் படும்படி தொட்டியை வைத்தார். காற்றுக் குமிழிகளால் நீரை மெல்ல அசைத்தார். விலையுயர்ந்த வடிகட்டி எதுவும் இல்லை. அந்தப் பாறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே கழிவைத் தூய்மை செய்தன. மேலைநாட்டார் பெரிய கருவிகளோடு தடுமாறியபோது, கடலோரத்தில் வாழ்ந்த ஒருவர் கடலையே ஆசிரியராகக் கொண்டு வெற்றி கண்டார். உயிர்ப்பாறை என்று இன்று உலகமே வழங்கும் முறையின் முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அடுத்து அலை. ஒரு பம்பை வைத்து நீரை ஒரே பக்கம் தள்ளினால் போதாதா என்று கேட்கலாம். கடலில் நீர் ஒரே பக்கம் ஓடுவதில்லை. வந்து, நின்று, திரும்பிப் போகிறது. ஒரே பக்கமாக நீரை அடித்தால் பவளத்தின் முன்பக்கம் புண்ணாகும். பின்பக்கத்தில் அழுக்குத் தேங்கும். ஆகவே தள்ளு, விடு, எதிர்ப்பக்கம் தள்ளு என்று மாறி மாறி இயக்க வேண்டும்.

1980-ஆம் ஆண்டு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வால்ட்டர் ஏடி என்ற அறிஞர் உயிருள்ள பவளப் பாறைத் தொட்டியைப் பொதுமக்களுக்குக் காட்டினார். அலைக்கு அவர் வகையினர் கையாண்ட கருவிகளுள் ஒன்று கவிழும் வாளி. அச்சில் தொங்கும் வாளியில் நீர் விழுந்துகொண்டே இருக்கும். நிறைந்ததும் கனம் முன்பக்கம் சாயும். வாளி கவிழ்ந்து நீரை ஒரே வீச்சில் கொட்டும். வெறுமையானதும் தானே நிமிரும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும்.

1984-ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் பெரியதொரு கடல் காட்சியகம் திறக்கப்பட்டது. முன்பு அதே இடத்தில் ஹவ்டன் என்னும் மத்தி மீன் டப்பா ஆலை இயங்கியது. கடலில் மத்தி அருகிப் போனதால் அந்த வரிசையிலிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஹவ்டன் ஆலையும் 1973-இல் மூடியது. ஒரு தொழில் நின்றால் அதை நம்பியவர்கள் என்ன ஆவார்கள் என்பது தோட்டம் துண்டாடப்பட்டதைக் கண்ட நமக்குத் தெரியாததா? காட்சியகத்திற்குப் பொருளுதவி செய்த டேவிட் பேக்கார்ட், நண்பர் ஹியூலெட்டுடன் சேர்ந்து 1939-இல் ஒரு கார்க் கொட்டகையில் மின்னணுத் தொழிலைத் தொடங்கியவர். அப்போது அவர்கள் கையில் இருந்த முதல் 538 டாலர். அவர்கள் செய்து விற்ற முதல் பொருள் ஒலியலை இயற்றி. சீரான மின் அலைகளைத் தோற்றுவிக்கும் கருவி அது.

மான்டரே காட்சியகத்தில் 28 அடி உயரத் தொட்டியில் கெல்ப் என்னும் இராட்சதக் கடற்பாசியை வளர்க்க முனைந்தார்கள். அந்தப் பாசி இலைகளின் வழியே சத்தை உறிஞ்சுகிறது. நீர் ஓயாமல் ஆடினால்தான் பிழைக்கும். தொட்டிக்கான அலை இயந்திரத்தைப் பேக்கார்டே வடிவமைத்தார். இளமையில் மின் அலை விற்றவர் முதுமையில் நீர் அலை செய்தார். பாசி தழைத்தது.

இவை பெரிய இடத்துக் கதைகள். ஏழை எளியவர் வீட்டில் அலை செய்ய முடியுமா? முடியும் என்று ஆக்கியது ஒரு சிறு சில்லு. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமன்சிண்ட் 1971-இல் அமெரிக்காவில் வடிவமைத்து, 1972-இல் விற்பனைக்கு வந்த 555 என்னும் நேரங்காட்டிச் சில்லு அது. எட்டுக் கால் பூச்சி போல எட்டுக் கம்பிகள். விரல் நுனியில் அடங்கும். உலகெங்கும் பொழுதுபோக்காக மின்னணுக் கருவி செய்தவர்கள் இதைக் கொண்டு வீட்டிலேயே அலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்தார்கள்.

அது வேலை செய்யும் விதத்தைப் பால் மரக் கணக்கில் சொல்கிறேன். வெட்டிய மரத்தில் பால் சொட்டுச் சொட்டாக வடிந்து மங்கில் சேர்கிறது. வடியும் வேகமும் மங்கின் அளவும் தெரிந்தால், எவ்வளவு நேரத்தில் நிறையும் என்று கணக்கிடலாம் அல்லவா? சில்லைச் சுற்றியுள்ள உறுப்புகளில் மின்தடை என்பது வடியும் காடி; மின்தேக்கி என்பது மங்கு. மின்சாரம் தடையின் வழியே மெல்ல வடிந்து தேக்கியில் சேரும். மூன்றில் இரண்டு பங்கு அழுத்தம் ஏறியதும் 555 அதைத் திறந்து வடிய விடும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி சேர விடும். இப்படி ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாமல் நடக்கும்.

47,000 ஓம் தடையையும் 100 மைக்ரோஃபாரட் தேக்கியையும், உடன் 1,000 ஓம் அளவில் ஒரு சிறு தடையையும் இணைத்தால், ஏறச் சுமார் மூன்றேகால் விநாடி, இறங்கச் சுமார் மூன்றேகால் விநாடி ஆகும். தடையை இரட்டிப்பாக்கினால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும். சில்லின் சைகை ஒரு ரிலேயை இயக்கும். ரிலே என்பது மின்சாரத்தால் தானே விழுந்து எழும் ஸ்விட்ச். அது விழுந்தால் இடப்பக்கப் பம்பு ஓடும். எழுந்தால் வலப்பக்கப் பம்பு ஓடும். தொட்டிக்குள் நீர் வரும், போகும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டும் அம்மாளைக் கவனித்திருப்பீர்கள். அவர் பலம் கொண்டு தள்ளுவதில்லை. தொட்டில் தம் பக்கம் வந்து திரும்பும் கணத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். அது உயர எழும்பி ஆடுகிறது. தொட்டி நீருக்கும் இப்படி ஒரு சொந்த ஆட்டம் உண்டு. நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி நீர் ஆழமும் உள்ள தொட்டியில், நீர் ஒரு முறை போய் வர ஏறக்குறைய ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பம்பின் தட்டு அந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால், சிறு பம்பும் பெரிய அலையை எழுப்பும். அளவு மீறினால் நீர் வெளியே சிந்தும். தொட்டியின் ஒட்டும் தளரும். ஆகவே தாளத்தை அறிந்து, அளவறிந்து தட்ட வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உப்புநீரும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. பிள்ளைகள் இத்தகைய கருவி செய்ய ஆசைப்பட்டால், 12 வோல்ட்டில் ஓடும் சிறு பம்புகளையே பயன்படுத்தட்டும். வீட்டு மின்சாரத்தைத் தொடும் வேலையைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். மின்கம்பி தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகாமல், நடுவில் கீழே தொங்கி மேலேறட்டும். அப்போது வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

மின்னணுக் கருவியே இல்லாமலும் அலை செய்யலாம். 1990-களில் ஹவாயின் வைக்கிக்கி மீன்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த புரூஸ் கார்ல்சன் பெயரால் ஒரு கருவி வழங்குகிறது. உயரத்தில் ஒரு தோம்பு. அதில் வளைந்த குழாய். ஒரு பம்பு தோம்பை நிரப்பிக்கொண்டே இருக்கும். நீர் குழாயின் வளைவைத் தாண்டியதும், எண்ணெய்த் தோம்பிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி இறக்குவது போல, நீர் முழுதும் பாய்ந்து இறங்கும். காற்றுப் புகுந்ததும் நின்றுவிடும். மறுபடி நிறையும், மறுபடி பாயும். சில்லும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. பின்னர் 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ என்னும் மலிவான பலகை வந்தது. இப்போது இரவில் மெல்லலை, பகலில் பேரலை, மழைக்காலத்துக் கொந்தளிப்பு என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே நடத்துகிறது.

இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். 2010-ஆம் ஆண்டு கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. நம் அரசாங்கம் ரெடாங், தியோமான் முதலிய தீவுகளைச் சேர்ந்த சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. பவளப் பாறை அழிந்தால் மீன் குஞ்சுகளுக்கு வீடில்லை. மீன் குறைந்தால் நாம் சந்தையில் வாங்கும் கெம்போங் மீனின் விலையிலும் அது தெரியும்.

தொட்டியில் கற்ற வித்தை இங்கேதான் கைகொடுக்கிறது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸும் அவருடைய கூட்டாளிகளும், தொட்டிக்குள் கடலின் வெப்பத்தையும் பகல் நீளத்தையும் நிலவொளியையும்கூட மின்னணுக் கருவியால் மாற்றி அமைத்தார்கள். பவளங்கள் நிலவுக் கணக்கறிந்து தொட்டியிலேயே முட்டையிட்டன. அந்த முறையை 2017-இல் அவர்கள் வெளியிட்டார்கள். அன்று அந்தப் பணிப்பெண் ஆற்றிய நீரில் பவளம் பிழைத்துக் கிடந்தது. அதே லண்டனில் 171 ஆண்டுகளுக்குப் பின் வெளியான ஆய்வு அது பெருகவும் வழி காட்டியது.

நேயர்களே, இந்த வரலாற்றில் வந்தவர்களைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவர், தையற்காரப் பெண், பெயர் தெரியாத வேலைக்காரி, ஜகார்த்தாவில் கடலைக் கவனித்தவர், கார்க் கொட்டகையில் தொழில் தொடங்கிய இருவர். கண்ணால் கவனித்ததும் கையால் செய்து பார்த்ததும்தான் இவர்களுக்குப் பொதுவானவை. பால் மங்கையும் தொட்டிலையும் அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு 555 சில்லின் தத்துவம் எட்டாத ஒன்றாக இருக்க முடியாது. அதை அவனுக்குத் தெரிந்த பொருளில் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு. "கடைச் சாமானைப் பிரித்துப் போட்டு ஏன் வீணாக்குகிறாய்?" என்று அதட்டாமல் இருப்பது பெற்றோர்களாகிய உங்கள் பொறுப்பு.

சாடியோடு வந்த அந்த மாணவனுக்கு நான் தாமதமாகவே முழு விடை சொன்னேன். "தம்பி, நீ கடல் தண்ணியைக் கொண்டு வந்தாய், கடலின் அசைவைக் கொண்டு வரவில்லை" என்றேன். அவன் சிறிது யோசித்தான். "அப்போ அதையும் செய்யணும், ஐயா" என்றான். அடுத்த வாரம் உடைந்த விளையாட்டுக் கார் ஒன்றின் மோட்டாரோடும், அவன் அம்மா கொடுத்த ஒரு பழைய தயிர்க் கிண்ணத்தோடும் வகுப்புக்கு வந்தான். முதல் நாள் நீர் வெளியே சிந்தி என் பாடக்குறிப்பேடு நனைந்தது. மூன்றாம் நாள் கிண்ணத்தில் வெறும் குழாய்நீர் போய் வந்து ஆடியது. அதில் மீன் எதுவும் விடவில்லை. முதலில் அலை சரியாக வரட்டும், பிறகு உயிரைப் பற்றி யோசிப்போம் என்று அவனே சொல்லிவிட்டான்.